டியர்ஃபீல்டு

டியர்ஃபீல்டு என்பது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், வெல்டு மாவட்டத்தின் புல்வெளிச் சமவெளியில் இருந்து மறைந்துபோன சிற்றூர். கிரீலி நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், சவுத் பிளாட் ஆற்றுக்கு அருகில் 1910-இல் உருவானது. கறுப்பின மக்கள் சொந்த நிலத்தில் உழுது வாழ்வதற்கென்றே நிறுவப்பட்ட ஊர் இது.

தோற்றம்

ஊரை நிறுவியவர் ஆலிவர் துசேன் ஜாக்சன். ஒகையோ மாநிலத்தில் பிறந்து 1887-இல் கொலராடோவுக்கு வந்தவர், உணவகம் நடத்தியவர், பின்னர் மாநில ஆளுநர் அலுவலகத்தில் ஊழியராக இருந்தார். புக்கர் டி. வாஷிங்டனின் தன்வரலாற்று நூலைப் படித்து, நிலவுடைமையே தம் மக்களுக்கு விடிவு தரும் என்று நம்பினார். வறண்ட நிலங்களில் குடியேறுவோருக்கு 320 ஏக்கர் வரை வழங்க வகைசெய்த 1909-ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குக் கைகொடுத்தது. ஊரின் பெயரைச் சொன்னவர் டென்வர் மருத்துவர் ஜே. எச். பி. வெஸ்ட்புரூக்.

முதல் குளிர்காலம் கொடியது. வந்திருந்த ஏழு குடும்பங்களில் இரண்டுக்கு மட்டுமே மரவீடு இருந்தது. மற்றவர்கள் கூடாரங்களிலும், மேட்டுச் சரிவில் தோண்டிய குழிவீடுகளிலும் ஒண்டினர். மரமில்லாத சமவெளியில் புதர்ச்செடியும் காய்ந்த சாணமுமே விறகு. ஆறு குதிரைகளில் மூன்று பட்டினியால் செத்தன. எஞ்சிய மூன்றுக்கும் வெற்று வண்டியை இழுக்கக்கூடத் தெம்பில்லை.

வேளாண்மை

ஆறு அருகில் ஓடினாலும் அதன் நீர் இவர்களுக்குக் கிட்டவில்லை. முதலில் நீரைப் பயன்படுத்தியவருக்கே முன்னுரிமை என்பது கொலராடோவின் நீர்ச்சட்டம். அந்த உரிமைகள் முந்தி வந்தவர்களிடம் இருந்தன. எனவே, குறைந்த மழையை நம்பி மானாவாரி முறையில் பயிரிட்டனர். சோளம், ஓட்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, பீன்ஸ், பூசணி, தர்ப்பூசணி ஆகியவை விளைந்தன. தொடக்க ஆண்டுகளில் ஆண்கள் பலர் வெளியூரில் கூலிக்குப் போக, பெண்களே வயலைக் கவனித்தனர்.

முதல் உலகப் போர்க்காலத்தில் விளைபொருள்களுக்கு நல்ல விலை கிடைத்தது. அப்போது ஊரும் சுற்றுப் பண்ணைகளும் சேர்ந்து இருநூறு முதல் முந்நூறு பேர் வரை வாழ்ந்தனர். பள்ளி, தேவாலயங்கள், கொல்லுப்பட்டறை, விடுதி, நடன அரங்கு ஆகியவை இருந்தன.

வீழ்ச்சி

போர் முடிந்ததும் விலை சரிந்தது. 1930-களில் பெரும் பொருளாதார மந்தமும் வறட்சியும் ஒருசேர வந்தன. உழுத நிலத்தின் மேல்மண் புழுதிப்புயலில் பறந்தது. பாசனம் பெற்ற பண்ணைகளுக்கு இருந்த பிடிமானம் இவர்களுக்கு இல்லை. குடும்பங்கள் ஒவ்வொன்றாக டென்வருக்கும் பிற ஊர்களுக்கும் பெயர்ந்தன. 1940-இல் எஞ்சியோர் 12 பேர். ஊரை விற்கவும் ஜாக்சன் முயன்றார், பலிக்கவில்லை. அவர் 1948-இல் காலமானார்.

இன்றைய நிலை

நெடுஞ்சாலை 34-ஐ ஒட்டி, ஜாக்சனின் வீடு உள்ளிட்ட சில கட்டடங்களே நிற்கின்றன. வடக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தினர் இங்கு அகழாய்வு செய்துள்ளனர். டென்வரில் உள்ள கறுப்பின அமெரிக்க மேற்கு அருங்காட்சியகம் ஊரின் மனைகள் பலவற்றை வாங்கிக் காத்துவருகிறது. 1995-இல் டியர்ஃபீல்டு அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.