பாலில்லாக் கொழுமை: பூசணிச் சூப்பின் வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் கல்வெட்டுக்களையும் கோட்டைகளையும் நாடிச் செல்வது வழக்கம். அடுக்களைச் சட்டியை நாடுவோர் மிகச் சிலர். எனினும், மக்கள் எதனை உண்டனர், எவர் உண்ண எவர் பார்த்திருந்தனர், கடல் கடந்து வந்த காய் எந்தப் பெயரால் அழைக்கப்பட்டது என்னும் வினாக்களுக்கு விடை காணின், அரசர் பட்டியல் கூறாத பல உண்மைகள் வெளிப்படும். பூசணிச் சூப்பின் வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு.

மேனாட்டுச் சமையல் நூல்களிற் பூசணிச் சூப்புச் செய்யும் முறையைப் படிப்போர், இறுதியிற் பசுவின் பாலோ பாலாடையோ சேர்க்கும்படி கூறப்பட்டிருப்பதைப் பெரும்பாலும் காண்பர். அது சேராவிடிற் சூப்புக்குக் கொழுமை வாராது என்பது பலர் எண்ணம். 1944 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பாரும் வேறு சிலரும் கூடி, புலாலோடு பாலுணவையும் விலக்கி வாழ்வோர்க்கென ஒரு சங்கத்தை நிறுவினர். ‘வீகன்’ என்னும் பெயரும் அப்பொழுதே ஆக்கப்பட்டது. அவ்வழியில் நிற்போர் பால் சேராத பூசணிச் சூப்பைத் தம் இல்லங்களிற் செய்துவருகின்றனர். பிறர் அதனை ஒரு புதுமையென நோக்குகின்றனர். ஆயின் வரலாற்றை ஆராயுமிடத்து, பால் சேராததே பழையது, பால் சேர்ந்ததே புதியது என்பது தெளிவாகும். பூசணியை முதன்முதற் பயிராக்கிய மக்கள் பசுவைக் கண்டறியாதவர்.

பூசணியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிக்கோ நாட்டின் ஓஹாக்காப் பகுதியிலே கிலா நக்கீற்ஸ் என்றொரு குகை உண்டு. 1966 ஆம் ஆண்டிற் கென்ற் பிளானரி என்னும் தொல்பொருளறிஞர் அதனை அகழ்ந்தபொழுது, பழங்காலத்தார் உண்டு கழித்த பூசணியின் விதைகளும் தோலும் காம்பும் கிடைத்தன. 1997 ஆம் ஆண்டிற் புரூஸ் சிமித் என்னும் அறிஞர் அவற்றின் காலத்தைக் கணித்து வெளியிட்டார். அவற்றுட் பழையவை ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவ்விதைகள் காட்டுக்கொடியின் விதைகளிலும் பெரியவை. ஆகவே மனிதர் தேர்ந்தெடுத்து நட்டு வளர்த்த செடியின் விதைகளே அவை என்பது பெறப்பட்டது. அமெரிக்க மக்களின் உயிருணவாகிய சோளம் பயிராவதற்கு முன்னரே பூசணி பயிராகிவிட்டது.

காட்டுப் பூசணியோ உண்ணத்தக்க காயன்று. உள்ளங்கையுள் அடங்கும் அளவினதாய், கடுங் கைப்பு உடையதாய் இருப்பது அது. கைப்புக்குக் காரணம் குக்கர்பிற்றசின் என்னும் நச்சுப்பொருள். சிறு விலங்குகள் தீண்டாத அக்காயை, அக்காலத்து வாழ்ந்த மாசுத்தொடன் என்னும் யானை போன்ற பேருடல் விலங்குகள் விழுங்கி, விதைகளைத் தொலைவிடங்களிற் பரப்பின. புளோரிடாவிற் கண்டெடுக்கப்பட்ட அவ்விலங்குகளின் பழஞ் சாணத்தில் அவ்விதைகள் காணப்பட்டுள்ளன. பனியூழியின் முடிவில் அவ்விலங்குகள் அழிந்தன. விதை பரப்புவாரின்றிக் காட்டுப் பூசணி குன்றிய காலத்தில், அவ்விடத்தை மனிதன் எடுத்துக்கொண்டான். விலங்கின் வயிறு செய்த தொழிலை மனிதன் கை செய்தது.

கைத்த காயை மனிதன் ஏன் நாடினான் என்னும் ஐயம் எழுதல் இயல்பே. அவன் முதலில் நாடியது விதையை என்பர் ஆராய்ச்சியாளர். சதை கைத்தபோதிலும், நன்கு கழுவிய விதை உண்ணத்தக்கது. எண்ணெயும் புரதமும் நிறைந்தது. உலர்த்தி வைப்பின் நெடுங்காலம் கெடாதது. வேட்டை வாய்க்காத நாளிலும் மழை பொய்த்த காலத்திலும் அது உயிர் காத்தது. கைப்புக் குறைந்த காயைக் கண்டவிடத்து அதன் விதையை அடுத்த பருவத்துக்கெனச் சேமித்தனர். இவ்வாறு தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்ததன் பயனாகவே, இன்று சட்டியில் வேகும் இனிய மஞ்சட் சதை உண்டாயிற்று. பெயர் எழுதி வைக்காத எண்ணற்ற உழவரின் பொறுமை அச்சதையில் அடங்கியுள்ளது.

பின்னர்ச் சோளமும் போஞ்சியும் பூசணியோடு சேர்ந்தன. மூன்றையும் ஒரே நிலத்திற் கலந்து நடும் முறையை மெக்சிக்கோ மக்கள் மில்ப்பா என்பர். சோளத்தட்டைப் பற்றிப் போஞ்சிக்கொடி ஏறும். போஞ்சியின் வேர் மண்ணுக்குத் தழைச்சத்தை ஊட்டும். பூசணியின் அகன்ற இலைகள் நிலத்தை மூடி ஈரம் வற்றாமலும் களை முளையாமலும் காக்கும். வட அமெரிக்காவின் ஹோடெனசோனி மக்கள் இம்மூன்றனையும் ‘மூன்று சகோதரிகள்’ என அன்போடு அழைத்தனர். ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்வது நிலத்தில் மாத்திரமன்று; உணவிலும் அவ்வாறே.

இனி, பாலின்றிக் கொழுமை வந்த வகையை நோக்குவோம். கொலம்பசு வருமுன் மெக்சிக்கோவிற் கறவை விலங்கு எதுவும் இருக்கவில்லை. அங்கே வீடுகளில் வளர்க்கப்பட்ட விலங்கு நாய், பறவை வான்கோழி. பசுக்கள் 1493 ஆம் ஆண்டிற் கொலம்பசு மேற்கொண்ட இரண்டாம் பயணத்திலேயே கரீபியத் தீவுகளை அடைந்தன. ஆயினும் அம்மக்களின் குழம்புகள் நீர்த்தவையல்ல. பூசணி விதையை வறுத்து, கல்லில் இட்டு அரைத்து, மிளகாயும் தக்காளியும் சேர்த்துக் குழம்பைத் தடிப்பாக்கினர். மெக்சிக்கோவில் இன்று பிப்பியான் எனப்படும் குழம்புவகையின் மூலம் இதுவே. யுக்கத்தான் பகுதி மாயா மக்கள், அரைத்த விதையையும் தக்காளியையும் கலந்து செய்யும் தொடுகறியைச் சிக்கில் பாக் என்பர். பெர்ணாடினோ டி சஹாகுன் என்னும் ஸ்பானியத் துறவியார், நாவற் இன அறிஞரின் துணையோடு 16 ஆம் நூற்றாண்டிற் தொகுத்த பெருநூலில், பூசணி விதை அரைத்துச் சேர்த்த உணவுகள் கூறப்பட்டுள்ளன. அந்நூல் எழுந்த காலம் அம்மக்களின் ஆட்சி வீழ்ந்து, கொள்ளைநோயால் ஊர்கள் வெறிச்சோடிய காலமாகும். அரசும் கோயிலும் அழிந்தன; அம்மியில் அரைத்த விதைக்குழம்போ அழியவில்லை.

பூசணி ஐரோப்பாவுக்கு விரைந்து சென்றது. பிரான்சு நாட்டு அரசியான பிரித்தானி ஆன் என்பாருக்கென 1503 ஆம் ஆண்டுக்கும் 1508 ஆம் ஆண்டுக்கும் இடையில் வரையப்பட்ட வழிபாட்டு நூலில் அமெரிக்கப் பூசணிக்கொடியின் ஓவியம் உண்டு. உரோமாபுரியிலுள்ள பார்ணசீனா மாளிகையின் கூரையில், 1518 ஆம் ஆண்டளவில் ஜியோவானி டா உதினே தீட்டிய காய்கனி மாலைகளிலும் பூசணிகள் தொங்குகின்றன. ஐரோப்பியர் பாலும் வெண்ணெயும் மலிந்த நாட்டினர். ஆதலிற் புதிய காயைத் தம் பழைய பாலிற் கலந்தனர். பாலாடை சேர்ந்த சூப்பு அவ்வாறு தோன்றியதே. இதற்கிடையில் ஆங்கிலேயர் வட அமெரிக்காவிற் குடியேறினர். அங்கு வாழ்ந்த நராகன்செற் மக்கள் இக்காயை ‘அஸ்குட்டாஸ்குவாஷ்’ என்று வழங்கினர். 1643 ஆம் ஆண்டில் ரொஜர் வில்லியம்ஸ் வெளியிட்ட சொற்றொகை நூலில் அச்சொல் இடம்பெற்றுள்ளது. அதன் ஈற்றசையே ஆங்கில மொழியில் ‘ஸ்குவாஷ்’ என நிலைத்தது. காயை எடுத்தவர் பெயரையும் எடுத்துக்கொண்டனர்.

பூசணிச் சூப்பின் வரலாற்றில் நெஞ்சை உருக்கும் பகுதி கரீபியக் கடலில் உள்ளது. ஹிஸ்பானியோலாத் தீவின் மேற்குப் பாகம் 1697 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. செயின்ற் டொமிங்கு எனப்பட்ட அந்நாட்டிற் கரும்பும் கோப்பியும் பயிரிட ஆபிரிக்காவிலிருந்து மக்கள் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டனர். 1789 ஆம் ஆண்டளவில் அங்கிருந்த அடிமைகளின் தொகை ஏறத்தாழ 5 இலட்சம். ஜிரோமோன் என்னும் பூசணியாலாகிய சூப்பு எசமானரின் மேசைக்குரிய சிறப்புணவாயிருந்தது. அதனைச் சமைத்தவர் அடிமைகள். சுவைக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை என்பது அந்நாட்டார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி.

1791 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அவர்தம் பெருந்தலைவரான தூசான் லூவெத்தியூர் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1803 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மலைக்கோட்டைச் சிறையில் உயிர் நீத்தார். அவ்வாண்டு நவம்பர் 18 ஆம் நாள் வெர்த்தியேர் என்னுமிடத்தில் நெப்போலியனின் படை முறியடிக்கப்பட்டது. 1804 ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள், கொனாயீவ் நகரிலே தளபதி டெசாலின் நாட்டின் விடுதலையைப் பறைசாற்றினார். ஹெயிற்றி என்னும் தீவின் பழம்பெயர் நாட்டுக்கு மீண்டது. அந்நாளில் மக்கள் தமக்கு மறுக்கப்பட்டிருந்த பூசணிச் சூப்பைச் சமைத்து, ஒருவர்க்கொருவர் வழங்கி உண்டனர் என்பர். ஜிரோமோன் என்னும் பிரெஞ்சுச் சொல் அவர் நாவில் ‘சூமூ’ எனத் திரிந்தது. விடுதலைக்குக் கொடுத்த விலை அத்துடன் முடியவில்லை. 1825 ஆம் ஆண்டிற் பிரான்சு, முன்னாள் எசமானரின் இழப்புக்கென 15 கோடி பிராங்கு கேட்டது. 1838 இல் அத்தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டபோதிலும், கடனின் சுமை 20 ஆம் நூற்றாண்டு வரை அந்நாட்டை அழுத்தியது. வறுமையிலும் ஆண்டுதோறும் சனவரி முதலாம் நாள் அச்சூப்பை உண்ணும் வழக்கம் விடப்படவில்லை. 2021 ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் கல்வி, அறிவியல், பண்பாட்டுக் கழகம் அதனை மனிதகுல மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது. அச்சூப்பில் இறைச்சியும் பெரும்பாலும் சேர்வதுண்டு. ஆயின் அதற்குத் தடிப்பையும் நிறத்தையும் தருவது மசித்த பூசணியே.

தமிழர் நாடுகளுக்கு இக்காய் வந்தமையும் ஐரோப்பியக் கப்பல்களின் பின்விளைவே. போர்த்துக்கேயர் 1498 இற் கள்ளிக்கோட்டையையும் 1505 இல் இலங்கையையும் அடைந்தனர். தமிழகத்தில் வழங்கும் பரங்கிக்காய் என்னும் பெயரில் பரங்கியர் நினைவு ஒலிக்கின்றது. அதற்கு நெடுங்காலம் முன்னரே இந்நாடுகளில் நீற்றுப்பூசணி இருந்தது. மேலே வெண்பொடி படிந்த அக்காய் வேறினம். புதிதாக வந்த மஞ்சட் காய்க்கு அதன் பெயரையே சூட்டி வரவேற்றனர் இலங்கைத் தமிழர். பின்னர் அதனைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துப் பாற்கறியாக்கினர். மெக்சிக்கோவில் விதை செய்த பணியை இங்கே தேங்காய் செய்தது.

வீட்டிற் சூப்பாக்கும் முறையும் எளியதே. நால்வர்க்கு ஒரு கிலோகிராம் அளவான முற்றிய பூசணி போதும். ஒரு பெரிய வெங்காயத்தையும் நாலைந்து பூண்டுப் பற்களையும் சிறு துண்டு இஞ்சியையும் சிறிது எண்ணெயில் வதக்கி, தோல் சீவிய பூசணித் துண்டுகளை இட்டு, அவை மூழ்குமளவுக்கே நீர் விட்டு, உப்புச் சேர்த்து அவிக்க வேண்டும். நன்கு வெந்தபின் மத்தினாற் கடைந்தோ பொறியில் அரைத்தோ, அரிதட்டில் வடித்துக்கொள்ளலாம். கொழுமையின் முதற்பங்கு இங்கேயே பிறக்கின்றது. வெந்த சதையிலுள்ள மாப்பொருளும் பெக்ரினும் நீரைப் பிணித்து அதனைத் தடிப்பாக்குகின்றன. ஆகவே நீரை மிகுதியாக விடுதல் பிழை. முதலிற் துண்டுகளைச் சூட்டடுப்பிற் சுட்டுக்கொள்வோர் இன்னும் மிகுந்த இனிமையைப் பெறுவர்.

இரண்டாம் பங்கு தேங்காய்ப்பால். தேங்காய்ப்பூவைப் பிழிந்த முதற்பால் ஒரு கோப்பை எடுத்து, இறக்கும் தறுவாயில் விட்டுக் கலக்க வேண்டும். தேங்காய்ப்பாலில் நுண்ணிய எண்ணெய்த் துளிகளைப் புரதங்கள் சூழ்ந்து நிற்கின்றன. கடுங்கொதியில் அப்புரதங்கள் திரள, எண்ணெய் பிரிந்து மிதக்கும். சொதியில் முதற்பாலைக் கடைசியில் விடும் தாய்மார் இவ்வுண்மையை நூல் படியாமலே அறிந்திருந்தனர். அன்றியும், பூசணிக்கு மஞ்சள் நிறந் தரும் கரோட்டின் உடலினுள் விற்றமின் ஏ ஆக மாறுவது. கொழுப்போடு சேர்ந்தபொழுதே அது நன்கு உறிஞ்சப்படுகின்றது. எனவே தேங்காய்ப்பால் சுவைக்கும் உதவுகின்றது, பயனுக்கும் உதவுகின்றது. கழித்த விதைகளை உலர்த்தி, தோல் நீக்கி, வறுத்துப் பொடித்து மேலே தூவின் பழைய மெக்சிக்கோவின் முறையும் உடன் சேரும். ஒன்று மாத்திரம் நினைவிற் கொள்ளத்தக்கது: வெட்டிய காயின் சிறு துண்டு நாவிற் கைத்தால், அதனை எறிந்துவிடுதலே நலம். காட்டுக்கொடியின் பழைய நஞ்சு அரிதாகச் சில காய்களில் மீண்டும் தலைகாட்டுவதுண்டு.

ஒரு கோப்பைச் சூப்பிற் பத்தாயிரம் ஆண்டு அடங்கியிருக்கின்றது. கைப்பை இனிப்பாக்கிய உழவரும், பாலில்லாத நாட்டில் விதையை அரைத்த பெண்டிரும், தாம் சமைத்ததைத் தாமே உண்ணும் உரிமைக்காக உயிர் கொடுத்த ஹெயிற்றி மக்களும், வந்த காயைத் தேங்காய்ப்பாலோடு உறவாக்கிய தமிழ்த் தாய்மாரும் அதிற் பங்குடையர். இவருட் பலருக்கு வரலாற்று நூல்களிற் பெயரில்லை. பூசணி வேகும் அடுக்களைகளில் அவர்தம் கைத்தொழில் இன்றும் நடைபெறுகின்றது.