ஓசூரில் ஒரு நீராவி இஞ்சின்

ஓசூர் ஸ்டேஷனில் பெங்களூர் வண்டிக்குக் காத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு, இந்த ஊருக்கு முன்பே ஒரு ரயில் வந்துபோனது தெரியாது. 1905இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் குறுகிய பாதை போட்டார்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இரண்டரை அடிதான். தருமபுரிப் பாதை 1913இல் ஓசூர் வரை நீண்டது. லாபக் கணக்குப் பார்த்துப் போட்ட பாதைகள் அல்ல இவை. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின், தானியத்தை ஏற்றிக்கொண்டுபோய்ச் சேர்க்க வழி வேண்டும் என்று பஞ்சக் கமிஷன் சொன்னதன் தொடர்ச்சியாக வந்தவை. அன்றைக்கு இந்த மூன்று ஊர்களும் சேலம் ஜில்லாவில் இருந்தன. 1941இல், உலகப் போர் நடுவே, இரண்டு பாதைகளும் மூடப்பட்டன. இரும்பு போருக்குத் தேவைப்பட்ட காலம். சோறு கொண்டுவரப் போட்ட தண்டவாளம் அப்படிப் போய்ச் சேர்ந்தது. பிறகு ஓசூர் ரயிலைப் பார்த்தது சுதந்திரத்துக்குப் பின்னால், சேலம்–பெங்களூர் மீட்டர் கேஜ் வந்தபோதுதான்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு நண்பர். ஓசூர் சிப்காட்டில் ஒரு டூல் ரூமில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். "ஒரு பழைய ஸ்டீம் இஞ்சின் வாங்கி ஓட வெக்கணும் சார். நம்ம ஓசூர் லைன்ல ஓடினதே கெடைச்சா இன்னும் நல்லது" என்றார். தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டுபோன பாதையின் இஞ்சின் எங்கேயாவது புளியமரத்தடியில் நமக்காகக் காத்திருக்கும் என்று நம்புவது கொஞ்சம் அதிகம். ஆனால் அவர் கேள்வி நியாயமானது. இந்தியாவில் முதல்முறையாக ஒரு நீராவி இஞ்சினைப் புதுப்பிக்க நினைக்கிறவர் எதை வாங்கலாம், வாங்கி என்ன செய்யலாம்?

நம்மிடம் இருக்கும் பெரிய முன்னுதாரணம் சென்னைப் பெரம்பூர். ஃபேரி குயீன் 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன் கம்பெனி செய்து, ஈஸ்ட் இந்தியன் ரயில்வேக்கு அனுப்பிய இஞ்சின். 1909இல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதைப் பெரம்பூர் லோகோ வொர்க்ஸ் புதுப்பித்துக் கொடுக்க, 1997இல் டெல்லியிலிருந்து ஆல்வாருக்குச் சுற்றுலா வண்டியை இழுத்தது. அடுத்த வருஷம் கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. அதன் உடன்பிறப்பு, 'எக்ஸ்பிரஸ்' என்ற பெயருள்ள 21ஆம் எண் இஞ்சின், ஜமால்பூர் பணிமனையில் காட்சிப் பொருளாக நின்றிருந்தது. அதையும் பெரம்பூருக்குக் கொண்டுவந்து சரிசெய்தார்கள். 2010 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் அது ஓடியது.

நூறு வருஷம் நெருப்பைப் பார்க்காத இஞ்சினை ஓட வைப்பது என்றால், எதை வைத்துக்கொண்டு எதை மாற்றினார்கள் என்று கேட்கத்தான் வேண்டும். ஓடுகிற இஞ்சினில் பழைய இரும்பு குறைந்துகொண்டே போகும். அதைத் தவிர்க்க முடியாது. ஊட்டி மலை ரயிலில் இது இன்னும் வெளிப்படை. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் 1914 முதல் செய்துவந்த எக்ஸ் வகை இஞ்சின்கள் தேய்ந்துபோக, திருச்சி பொன்மலைப் பணிமனை அதே வகையில் புது இஞ்சின்களையே கட்டிவிட்டது. முதலில் எண்ணெயில் ஓடுபவை, 2021இல் நிலக்கரியில் ஓடும் ஒன்று. இங்கிலாந்தில் 2008இல் ஓடிய டொர்னாடோவும் முழுக்கப் புதிதுதான். அதன் பாய்லர் ஜெர்மனியிலிருந்து வந்தது. இதைப் போலி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொதிகலன் கட்டத் தெரிந்த கை மிஞ்சியிருப்பதும் ஒரு மிச்சம்தானே.

ஆனால் பெரம்பூருக்குப் பின்னால் ஒரு பணிமனை இருக்கிறது, நண்பருக்குப் பின்னால் இருப்பது ஒரு தகர ஷெட். இங்கேதான் பாய்லர் சட்டம் குறுக்கே வருகிறது. 1863இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் செத்தார்கள். அதற்கு மறுவருஷம் வங்காளத்தில் பாய்லர் பரிசோதனைக்குச் சட்டம் வந்தது, 1923இல் இந்தியா முழுமைக்கும் ஒன்று, 2025இல் அதற்குப் பதிலாகப் புதியது. ரயில்வேயின் கையில் இருக்கும் லோகோ பாய்லர்கள் பழைய சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றவை. அதே பாய்லர் தனியார் ஷெட்டுக்கு வந்தால் பதிவு வேண்டும், இன்ஸ்பெக்டர் வர வேண்டும், சான்றிதழ் வேண்டும். சிலருக்கு இது தொல்லையாகப் படும். கொதிநீர் நீராவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு விரிகிறது. அழுத்தத்தில் இருக்கும் பாய்லர் கிழிந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி அந்த நொடியே நீராவியாகும். அந்த ஷெட்டும் இருக்காது, பக்கத்து வீடும் இருக்காது.

ரயில் இஞ்சின் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு வேறு காரணமும் உண்டு. சின்னதென்று பேர்பெற்ற ஃபேரி குயீனே 26 டன். அதை நிறுத்த ஐந்தரை அடி அகலத் தண்டவாளம் வேண்டும், தூக்கக் கிரேன் வேண்டும். ரோடு ரோலர் அப்படி இல்லை, தன் சக்கரத்திலேயே தரையில் நிற்கும். நம் முனிசிபாலிட்டிகளும் பொதுப்பணித் துறையும் நீராவி ரோலரை வைத்துத்தான் ரோடு போட்டன. டாட்டாவின் டெல்கோ கம்பெனி 1948இல் இங்கிலாந்தின் மார்ஷல் கம்பெனியோடு சேர்ந்து நீராவி ரோலர் செய்தது. லாரி செய்வதற்கு முன்பு அவர்கள் செய்தது இது என்பதை லெய்லண்ட் லாரி செய்யும் ஊர்க்காரரிடம் சொன்னபோது அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்ப ரோலரே போதும் சார்!"

வாங்கப்போகும் இடத்தில் பெயிண்ட்டைப் பார்க்கக் கூடாது. அடுப்புப் பெட்டியின் உள்சுவரைப் பார்க்க வேண்டும். அங்கே தகடுகளைப் பிடித்து நிற்கும் ஸ்டே போல்ட்டுகளின் தலை அரித்திருந்தால் விலை பேசுவதே வேறு மாதிரி. குழாய்கள் போயிருந்தால் பரவாயில்லை, அவை எப்போதுமே மாற்றுவதற்கானவை. தகடு மெலிந்திருந்தால்தான் சிக்கல். அல்ட்ராசோனிக் மீட்டரை வைத்து இடம் இடமாகக் கனம் அளக்கச் சொன்னேன். அந்தக் கருவியும் ஆளும் சிப்காட்டில் கிடைப்பார்கள். பித்தளைச் சாமான், கேஜ், பெயர்த்தகடு எல்லாம் முதலிலேயே காணாமல் போயிருக்கும். பழைய இரும்புக் கடைக்காரருக்கு இஞ்சின் என்பது கிலோ கணக்குதான், அதனால் அவரிடம் 'விண்டேஜ்' என்ற வார்த்தையை மட்டும் சொல்லிவிடக் கூடாது.

நெருப்பு மூட்டுவதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. புகை வராத ஸ்டீம் இஞ்சின் எதுக்கு என்கிறார். முதல் இஞ்சினுக்கு நெருப்பே வேண்டாம் என்பது என் கட்சி. பாய்லரை அப்படியே விட்டுவிட்டு, சிலிண்டருக்கு மேலே இருக்கும் வால்வுப் பெட்டியில் கம்ப்ரஸர் காற்றை நேராகக் கொடுத்தால் இஞ்சின் சுற்றும். பாரம் இல்லாமல் சுற்றக் குறைந்த அழுத்தமே போதும். பல மியூசியங்களில் செய்வது இதுதான். காற்றைப் பாய்லருக்குள் மட்டும் விடவே கூடாது. தண்ணீரை வைத்துச் சோதிக்கும்போது பாய்லர் கிழிந்தால் தண்ணீர் கொட்டும், அவ்வளவுதான். அழுத்திய காற்று இருந்தால் அதுவே வெடிகுண்டு. பிஸ்டன் வளையம், கிராங்க், எக்ஸென்ட்ரிக், ஸ்லைடு வால்வு என்று அவர் கைக்கு இரண்டு வருஷ வேலை இதிலேயே இருக்கிறது. இத்தனையும் லேத்தில் செய்யக்கூடியவை. பாய்லர் வேலை அவருடைய தொழில் அல்ல. அதற்குத் திருச்சியில் பி.எச்.இ.எல். பக்கம் பழகிய வெல்டர்களைத்தான் தேட வேண்டும்.

இப்போதைக்கு அவர் ஷெட்டின் தரையை உடைத்து, கம்பி கட்டி, கனமான கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கிறார். பத்து டன் தாங்கணுமாம். வாசல் அகலம் ஒன்பது அடி என்கிறார், நான் இன்னும் அளந்து பார்க்கவில்லை.