ஊதாத சங்கு

பாண்டிச்சேரியில் பஞ்சாலையைச் சுற்றி வளர்ந்தவர்களுக்குச் சங்கைத் தெரியும். எங்க ஆயா மில் சங்குக்குத்தான் உலை வைக்கும், சங்குக்குத்தான் தாத்தாவை எழுப்பும். ரோடியர் மில் என்று சனங்கள் சொன்ன ஏ.எஃப்.டி. 2020இல் மூடப்பட்டது. அந்தச் சங்கு ஆளை ஆலைக்குள் கூப்பிடுவதற்கு. ஆலையை விட்டு ஓடு என்று சொல்லவும் ஒரு சங்கு உண்டு. போபாலில் அது சரியாக ஊதவில்லை.

1984 டிசம்பர் 2 நள்ளிரவு. யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையில் 610ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே 40 டன் அளவுக்கு மெதில் ஐசோசயனேட். தண்ணீர் கலந்தால் பொங்கும் சரக்கு. அதைக் குளிரவைக்கும் எந்திரத்தைப் பல மாதம் முன்பே நிறுத்திவிட்டார்கள். கசியும் வாயுவை எரிக்கிற கோபுரத்தின் குழாய் கழற்றிக் கிடந்தது. பீய்ச்சிய தண்ணீர் வாயு போன உயரத்துக்கு எட்டவில்லை. இத்தனைக்கும் பெயர் விபத்தாம்!

ஆலைக்கு எதிரே ஜெயப்பிரகாஷ் நகர். கூலிகள், பீடி சுற்றும் பெண்கள், ஒடுக்கப்பட்ட சாதியார், ஏழை முசுலிம்கள். அங்கே போய் ஏன் குடியிருந்தார்கள் என்று படித்தவர்கள் கேட்டார்கள். சேரி எங்கே இருக்கும் என்று தெரியாதவன்தான் இப்படிக் கேட்பான். சுடுகாட்டுப் பக்கம், சாக்கடை விழுகிற பக்கம், புகை போகிற பக்கம் தவிர எங்களுக்கு எந்த இடத்தை விட்டுவைத்தார்கள்?

ஊருக்கான சங்கைக் கொஞ்ச நேரம் ஊதி நிறுத்திவிட்டார்கள். சனங்கள் பயந்துவிடக் கூடாதாம். ஆலைக்குள் இருந்தவர்களில் பெரும்பாலோர் காற்றுக்கு எதிராக ஓடித் தப்பினார்கள். வெளியே இருந்தவர்கள் காற்றோடு ஓடினார்கள். வாயுவும் கூடவே ஓடியது. ஈரத்துணியை மூக்கில் கட்டியிருந்தால் பல உயிர் மிஞ்சியிருக்கும். காசு செலவில்லாத சேதி. ஆயாவிடம் இதைச் சொன்னேன். "அதச் சொல்ல வாயா வலிச்சுது?" என்றது.

சாவுக்கு அரசு முதலில் சொன்ன கணக்கு 2,259. பிறகு ஏறிக்கொண்டே போனது. பாதிக்கப்பட்டவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் என்று அரசே ஒப்புக்கொண்டது. கம்பெனித் தலைவர் ஆண்டர்சனைக் கைது செய்த அன்றே ஜாமீனில் விட்டார்கள். 2014இல் அமெரிக்காவில் செத்தார், ஒருநாளும் இங்கே கோர்ட்டுக்கு வராமல். 1989இல் 47 கோடி டாலருக்குக் கேஸ் முடிக்கப்பட்டது. உடம்பு கெட்டவர்களில் பெரும்பாலோருக்கு அதில் முதலில் வந்தது தலைக்கு 25,000 ரூபாய். இருமலுக்கு எத்தனை வருசம் காணும்?

2025 ஜனவரியில் ஆலையில் கிடந்த கழிவில் 337 டன்னை லாரியில் ஏற்றிப் பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள். அங்குள்ள சனங்கள் ரோட்டில் இறங்கி மறித்தார்கள். அப்புறமும் அங்கேயேதான் எரித்தார்கள். போபாலில் மண்ணில் இறங்கியதை முழுசாக யாரும் லாரியில் ஏற்றவில்லை. அது ஆலையைச் சுற்றியுள்ள தெருக்களின் அடிபம்புத் தண்ணீரில் வந்தது.