மீட்டெடுத்த மண்டபமும் மீளாத ஆவணங்களும்: ஈப்பர் போர் அருங்காட்சியகத்தை முன்வைத்து

பெல்ஜியத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள ஈப்பர் (பிரெஞ்சு வழக்கில் ஈப்ரே) நகரின் பெருஞ்சதுக்கத்தில் நிற்கும் துணி மண்டபம், இடைக்கால ஐரோப்பாவின் மிகப் பெரிய வணிகக் கட்டடங்களுள் ஒன்று. 120 மீட்டருக்கும் மேல் நீளும் முகப்பு, அதன் நடுவே சுமார் 70 மீட்டர் உயர மணிக்கோபுரம், வரிசை பிசகாத கூர்வளைவுச் சாளரங்கள். இது 1304இல் கட்டி முடிக்கப்பட்டது என்பது மரபான செய்தி. இன்று நாம் காணும் கல்லில் பெரும்பகுதியோ 20ஆம் நூற்றாண்டில் அடுக்கப்பட்டது. முதல் உலகப் போரில் இடிந்து போன மண்டபம் கட்டங்கட்டமாக எழுப்பப்பட்டு 1967இல்தான் முழுமை பெற்றது. 1998 முதல் இதனுள் ‘இன் ஃபிளாண்டர்ஸ் ஃபீல்ட்ஸ்’ என்னும் போர் அருங்காட்சியகம் இயங்கி வருகிறது.

அழிவைக் காட்டுவதற்கென்றே அமைந்த ஓர் அருங்காட்சியகம், அழிவின் சுவடே தெரியாத கட்டடத்துக்குள் இருக்கலாமா? முகப்பின் முழுமை உள்ளே சொல்லப்படும் கதையைப் பொய்யாக்கிவிடாதா? இந்தக் கட்டடத்தை 13ஆம் நூற்றாண்டின் எச்சமாகப் பார்க்கும்வரை இக்கேள்விகளுக்கு விடை கிடைக்காது என்பது இக்கட்டுரையின் வாதம். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுத் திரும்பி வந்த குடிமக்கள் 20ஆம் நூற்றாண்டில் எழுப்பிய போர் நினைவுச்சின்னம் இது. அப்படிப் படித்தால், அருங்காட்சியகத்தின் ஆகப்பெரிய காட்சிப்பொருள் அந்தக் கட்டடமே என்பது விளங்கும்.

1. கம்பளி கட்டிய மண்டபம்

ஈப்பரின் செல்வம் துணியில் விளைந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த கம்பளியை நூற்று, நெய்து, சாயமேற்றி விற்றார்கள். இவ்வூர்த் துணி ருசியாவின் நோவ்கொரோத் வரை சென்றது. ஈப்பர்லே ஆறு அன்று நகரின் ஊடே திறந்து ஓடியது. சரக்குப் படகுகள் மண்டபத்தின் அருகிலேயே வந்து நின்றன. துணியின் தரம் பார்த்து முத்திரையிடுவதும், சேமிப்பதும், விற்பதும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. மணிக்கோபுரம் நகராட்சியின் தன்னுரிமைக்கு அடையாளமாக நின்றது. 1383இல் ஆங்கிலேயரும் கெண்ட் நகரத்தாரும் சேர்ந்து இட்ட முற்றுகைக்குப் பின் ஊர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ஊருக்குப் பெரிதாகிப்போன மண்டபம் மட்டும் நின்றது.

1914 நவம்பர் 22 அன்று ஜெர்மானியக் குண்டுவீச்சில் மண்டபம் தீப்பற்றியது. 1915 ஏப்ரல் 22 அன்று நகரின் வடகிழக்கே குளோரின் நச்சுவாயு திறந்துவிடப்பட்டது; அடுத்த மாதமே எஞ்சியிருந்த குடிமக்களும் வெளியேற்றப்பட்டார்கள். நான்கு ஆண்டுகளின் முடிவில் மணிக்கோபுரத்தின் அடிக்கட்டையும் உடைந்த சுவர்த் துண்டுகளுமே மிஞ்சின.

2. யாருடைய மண்?

1919 தொடக்கத்தில் பிரிட்டனின் போர் அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், ஈப்பரின் இடிபாடுகள் முழுவதையும் பிரிட்டன் கையகப்படுத்திப் போற்ற வேண்டும் என்று விரும்பினார். தம் இனத்தாருக்கு உலகில் இதைவிடப் புனிதமான இடம் வேறில்லை என்பது அவர் கருத்து. மண்டபத்தின் இடிபாட்டருகே, இது புனித மண், இங்கிருந்து ஒரு கல்லையும் எடுத்துச் செல்லக்கூடாது என்ற பொருளில் ஆங்கில அறிவிப்புப் பலகை நின்றது. பெல்ஜியத்திலும் இதற்கு ஆதரவு இருந்தது. கட்டடக் கலைஞர் யூஜீன் துய்க் மண்டபத்தையும் அதன் பின்புறத் தேவாலயத்தையும் சுற்றிய பகுதியை அமைதி வளாகமாக, இடிந்த நிலையிலேயே காக்க வேண்டும் என்றார்.

பலகை நின்ற அதே நாள்களில் ஊர்க்காரர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மரத்தாலான தற்காலிகக் குடியிருப்புகளில் தங்கிக்கொண்டு, சொந்த வீடு இருந்த இடத்தைக் கற்குவியலுக்குள் தேடினார்கள். நகரத் தலைவர் ரெனே கொலார்ட்டும் நகரக் கட்டடக் கலைஞர் யூல் கோமான்ஸும் இருந்தது இருந்தபடியே ஊரை மீளக் கட்டுவது என்ற முடிவில் உறுதியாக நின்றார்கள். அவர்கள் தரப்பே வென்றது. பிரிட்டனின் நினைவு வேட்கைக்கு வேறு இடம் ஒதுக்கப்பட்டது. ரெஜினால்ட் புளூம்ஃபீல்ட் வடிவமைத்த மெனின் வாயில் 1927 ஜூலை 24 அன்று திறக்கப்பட்டது. உடல் கிடைக்காமற்போன 54,000க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் பேரரசு வீரர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன.

வழக்கமாக இதை அழகியல் தகராறாகவே எழுதுகிறார்கள். உரிமைத் தகராறு என்று படிப்பதே பொருத்தம். இடிபாட்டைக் காக்கச் சொன்னவர்கள் அங்கே மாண்டவர்களின் சார்பில் பேசினார்கள். அந்தத் துயரம் மெய்யானது. ஆயினும் ஓர் ஊரை நினைவுச்சின்னமாக உறைய வைத்தால், அதில் வாழ்ந்தவர்கள் இரண்டாம் முறையும் வெளியேற்றப்படுவார்கள். முதல் முறை வெளியேற்றியது பீரங்கி. இரண்டாம் முறை வெளியேற்றவிருந்தது பக்தி. துணி மண்டபம் மீண்டும் எழுந்தது அந்த இரண்டாம் வெளியேற்றத்துக்கு ஊரார் தந்த மறுமொழி.

3. போலி என்னும் குற்றச்சாட்டு

மீளக் கட்டிய தொன்மை போலியே என்னும் கருத்துக்கு நீண்ட மரபு உண்டு. ஆங்கிலக் கலைத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின் 1849இலேயே பழங்கட்டட மீட்டமைப்பைப் பொய் என்று கண்டித்தார். ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்று 1964இன் வெனிஸ் சாசனம் விதித்தது. ஈப்பரில் அப்போது வேலை இன்னும் முடிந்திருக்கவில்லை.

இந்த அளவுகோலை ஈப்பரின் இரு கட்டடங்களில் பொருத்திப் பார்க்கலாம். கோமான்ஸ் போருக்கு முன்பே துணி மண்டபத்தின் பழுதுபார்ப்பில் ஈடுபட்டிருந்தவர். அதன் அளவுகளும் வரைபடங்களும் அவர் அறிந்தவை. ஆகவே மண்டபத்தில் ஊகத்துக்கு இருந்த இடம் குறைவு. பின்புறம் உள்ள புனித மார்ட்டின் தேவாலயத்தின் கதை வேறு. போருக்கு முன் அதன் கோபுரம் ஊசிமுனை இல்லாமல் தட்டையாக முடிந்திருந்தது. மீளக் கட்டியபோது வானளாவும் ஊசிமுனை ஒன்று சேர்க்கப்பட்டது. எந்த நூற்றாண்டிலும் இல்லாத இடைக்காலம் அங்கே புதிதாகப் பிறந்தது. ஒரே ஊரில், ஒரே தலைமுறையில், நினைவுகூரலும் கற்பனையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. மீளக் கட்டியவை எல்லாம் போலி என்ற ஒற்றைத் தீர்ப்பு இந்த வேறுபாட்டை அழித்துவிடும்.

மண்டபத்தை நெருங்கிப் பார்த்தால் அது தன் வயதை மறைக்கவில்லை என்பதும் தெரியும். தரைமட்டத் தூண்களிலும் சுவரின் அடிப்பகுதிகளிலும் பழைய கற்கள் சில தப்பியிருக்கின்றன. முனை மழுங்கி, நிறம் மாறி, சொரசொரப்பாக இருக்கும் அவற்றின்மேல் சீராக வெட்டிய புதுக்கல் உட்கார்ந்திருக்கிறது. யுனெஸ்கோ 1980இல், போருக்குப் பின் மீளக் கட்டிய வார்சாவின் பழைய நகரத்தையும், 1999இல் ஃபிளாண்டர்ஸின் மணிக்கோபுரங்களோடு இம்மண்டபத்தையும் உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. மீளக் கட்டும் செயலே வரலாற்று நிகழ்வு என்னும் பார்வைக்கு அனைத்துலக அளவில் இடம் கிடைத்துவிட்டது.

4. அருங்காட்சியகம் சொல்லும் கதை

முன்பு இதே மண்டபத்தில் இருந்த போர்க் காட்சியகம் பெரிதும் படைக்கருவிகளைச் சார்ந்தது. 1998இல் உருவான புதிய அருங்காட்சியகம், கனடிய மருத்துவர் ஜான் மெக்ரே 1915இல் எழுதிய கவிதையின் தலைப்பைத் தன் பெயராக்கிக்கொண்டு, தனிமனிதர்களின் வாழ்வை மையத்துக்குக் கொண்டுவந்தது. 2012இல் விரிவாக்கியபோது, பார்வையாளருக்குப் பாப்பிப் பூ பொறித்த, சில்லு பதித்த கைப்பட்டை தரும் முறை வந்தது. அதைக் கொண்டு சாதாரண மனிதர்கள் சிலரின் போர்க்கால வாழ்வைப் பின்தொடரலாம்.

போர் ஐரோப்பியருடையது மட்டும் அன்று என்பதிலும் இந்நிறுவனம் அக்கறை காட்டியிருக்கிறது. 1914 அக்டோபர் 31 அன்று ஈப்பருக்குத் தெற்கே ஹோலபெக் அருகில் போரிட்ட 129ஆம் பலூச்சிப் படைப்பிரிவின் குதாதாத் கான், விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்திய வீரர். நச்சுவாயுத் தாக்குதலுக்கு நான்கு நாள் கழித்து இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் எதிர்த்தாக்குதலில் இறக்கப்பட்டுப் பேரிழப்புக் கண்டது. மெனின் வாயிலில் இந்திய வீரர்களின் பெயர்களும் உண்டு. ஐந்து கண்டத்தவரும் இம்மண்ணில் இருந்ததை 2008இல் ஒரு கண்காட்சியாகவே அருங்காட்சியகம் வைத்தது.

அருங்காட்சியகத்திலிருந்து மணிக்கோபுரத்தின் உச்சிக்கும் ஏறலாம். அங்கிருந்து பார்த்தால், கிழக்கே பாசெண்டேல் பக்கம் வளைந்து செல்லும் மேடு எவ்வளவு தாழ்ந்தது என்பது புலப்படும். ஐம்பது, அறுபது மீட்டர் உயரமே உள்ள அந்த மேட்டுக்காக 1917 ஜூலை முதல் நவம்பர் வரை இலட்சக்கணக்கானோர் மாண்டும் காயமுற்றும் போனார்கள். நிற்கும் கோபுரமோ அதே போரில் விழுந்து 1934இல் மீண்டும் எழுந்தது. போர்க்களத்தைக் காணப் போரின் பின்விளைவின்மீதே ஏறி நிற்கிறோம். இதைவிடத் தெளிவான பாடத்தை எந்தக் கண்ணாடிப் பேழையும் தராது.

5. மீளாதவை

மீளக் கட்டுவதற்கு எதிராக இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: முழுமையான முகப்பு, போர் செய்ததைத் திருத்திவிடலாம் என்ற எண்ணத்தை விதைக்கும். இதற்கான விடையும் மண்டபத்தின் வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது. 1914இல் கல்லோடு சேர்ந்து நகர ஆவணக் களஞ்சியமும் எரிந்தது. 13ஆம் நூற்றாண்டுச் சந்தைகளில் வணிகர்கள் எழுதிக்கொண்ட ஆயிரக்கணக்கான கடன் பத்திரங்கள் அதில் இருந்தன. வரலாற்றாசிரியர் கியோம் தெ மாரே 1901இல் அவற்றுள் ஒரு பகுதியை ஆராய்ந்து வெளியிட்டிருந்தார். யார் யாரிடம் எத்தனை துணி வாங்கினார், எந்தச் சந்தையில் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார் என்ற செய்திகளில் பெரும்பகுதி அறிஞர்கள் முன்பே படியெடுத்து வைத்த அளவுக்கே இன்று நமக்குக் கிட்டும். அளவு எடுத்து வைத்த கட்டடம் திரும்பியது. படியெடுக்காத பத்திரம் திரும்பவில்லை. மீட்சிக்கு எல்லை உண்டு என்பதற்கு இந்த மண்டபமே சான்று.

6. முடிவுரை

போர் அருங்காட்சியகங்களின் காலக்கணக்கு பொதுவாக 1914இல் தொடங்கி 1918இல் முடியும். துணி மண்டபம் முன்வைக்கும் கணக்கு 1967 வரை நீள்கிறது. நான்கு ஆண்டுகளில் அழிந்ததை முழுதாக எழுப்ப, போர்நிறுத்தத்துக்குப் பின் 49 ஆண்டுகள் தேவைப்பட்டன. இடையே இன்னொரு உலகப் போரும் ஆக்கிரமிப்பும் வந்து போயின. இந்த நீண்ட காலத்தைப் பார்வையாளர் சுவரிலேயே படிக்க வழி செய்ய வேண்டும். பழைய கல் முடிந்து புதுக்கல் தொடங்கும் இடங்களையும், ஒவ்வொரு பகுதியும் எழுந்த ஆண்டையும் வெளிப்புறத்திலேயே குறிக்கலாம். எரிந்த ஆவணங்களுக்குக் காட்சியில் ஓர் இடம் தரலாம். நகரின் நெடிய வரலாற்றைச் சொல்லும் ஈப்பர் அருங்காட்சியகமும் 2018 முதல் இதே கட்டடத்தில் இருப்பதால், போரையும் ஊரையும் ஒரே பயணமாக இணைப்பது எளிது.

போரில் சிதைந்த நகரங்கள் பல இன்றும் இதே கேள்வியின் முன் நிற்கின்றன. எதை இடிந்தபடி விடுவது, எதை எழுப்புவது என்ற முடிவில் முதல் உரிமை அங்கே மீண்டும் குடியேற வேண்டியவர்களுக்கே உண்டு. அந்த உரிமையோடு, எழுப்பியது எது, இழந்தது எது என்பதை ஒளிவின்றிப் பதிந்து வைக்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது. ஈப்பர் மக்கள் தங்கள் உரிமையை நிலைநாட்டிவிட்டார்கள். மண்டபத்தை இன்று பேணுவோர்முன் அந்தக் கடமை இருக்கிறது.