அம்மணி அம்மாள் கட்டிய கோபுரம்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு வாசலில் நிற்பது ராஜகோபுரம். 217 அடி, 11 நிலைகள். விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் தொடங்கியதைத் தஞ்சையின் செவ்வப்ப நாயக்கர் முடித்துவைத்தார். வடக்கு வாசலில் 171 அடி உயரத்துக்கு நிற்பது அம்மணி அம்மன் கோபுரம். பெயரைக் கேட்கும் வெளியூர்க்காரர்கள் ஏதோ ஒரு அம்மனின் பெயர் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது அந்தக் கோபுரத்தைக் கட்டிய பெண்ணின் பெயர்.

எங்கள் கீழ்பென்னாத்தூரிலிருந்து பார்த்தாலே மலை தெரியும். கார்த்திகை தீபத்தன்று மலையில் ஜோதி தெரிந்த பிறகுதான் எங்கள் பக்கத்துப் பெண்கள் வாசலில் அகல் ஏற்றுவார்கள். பஞ்சபூதத் தலங்களில் இது நெருப்புத் தலம்; மலையே சிவன். அந்தச் சிவனில் பாதி பெண் என்பதும் இதே தலத்தின் நம்பிக்கைதான். உமை இங்கே தவமிருந்து இடப்பாகம் பெற்றாள் என்கிறது தலபுராணம். தீபத்தன்று மாலை அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்கள் வெளியே வந்து காட்சி தருவார். அந்த நேரத்தில்தான் 2,668 அடி உயர உச்சியில் தீபம் ஏற்றப்படும். தை மாதத்தில் திருவூடல். சிவனை மட்டும் வணங்குவேன், அம்மனை வணங்கமாட்டேன் என்ற பிருங்கி முனிவருக்குச் சிவன் அருள்செய்யப் போக, அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்விடுவாள். சாமி தனியாகக் கிரிவலம் போவார். கணவனிடம் கேள்வி கேட்கும் ஒருத்தியின் கோபம் இந்த ஊரில் ஒரு தெருவுக்கே பெயராகியிருக்கிறது: திருவூடல் தெரு.

தெய்வப் பெண்ணுக்குக் கிடைத்த இந்த இடம் மனிதப் பெண்ணுக்குக் கிடைத்ததா? இரண்டு பெண்களின் கதையை வைத்துப் பார்க்கலாம்.

முதலாமவள் சல்லமாதேவி. 14ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன் திருவண்ணாமலையில் இருந்து ஆண்டான். எல்லப்ப நாவலர் பாடிய அருணாசலப் புராணத்தில் அவன் கதை வருகிறது. அடியார் வேடத்தில் வந்த சிவன் தாசிப் பெண் ஒருத்தியைக் கேட்கிறார். ஊரில் யாரும் கிடைக்கவில்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்ற அரசன் தன் இளைய மனைவி சல்லமாதேவியை அனுப்புகிறான். அவள் தொட்டதும் அடியார் குழந்தையாகிறார். பிள்ளையில்லாத வல்லாளனுக்குச் சிவனே மகனானார். அதனால் இன்றும் மாசி மகத்தன்று அருணாசலேசுவரர் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார். கோயிலில் அவன் பெயரில் கோபுரமும் உண்டு. வாக்குக் கொடுத்தவன் நினைக்கப்படுகிறான். அந்த வாக்குக்காக அனுப்பப்பட்டவளிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா என்பது பக்திக்குள் கேட்கப்படாத கேள்வி.

இரண்டாமவள் அம்மணி அம்மாள். செங்கம் பக்கம் சென்னசமுத்திரத்தில் பிறந்தவள்; 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவள். கல்யாணம் வேண்டாம் என்று வீட்டைவிட்டு வந்தாள் என்கிறது வாய்மொழி வரலாறு. பாதியில் நின்ற வடக்குக் கோபுரத்தைக் கட்டி முடிக்க வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினாள். போதாதபோது மைசூர் அரண்மனைவரை போனாள். வாசலில் காவலன் தடுத்தான். அவள் அரசன் முன்னால் தோன்றினாள் என்பார்கள். கடைசி நிலைகளுக்குக் காசில்லாமல் போனபோது வேலையாட்களுக்கு விபூதி அள்ளிக் கொடுத்தாள். அது அவரவர் உழைப்புக்கு ஏற்ற கூலியாக மாறியது என்பது இன்னொரு கதை.

எனக்கு இந்த அற்புதங்கள் பிடிக்கும். அவற்றை உற்றுப் பார்த்தால் ஒரு பெண்ணின் வேலை தெரிகிறது. துணையில்லாமல் நெடுவழி நடந்தது, அதிகார வாசலில் தடுக்கப்பட்டது, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி பாக்கி வைக்கக்கூடாது என்று கவலைப்பட்டது. ஒரு பெண்ணால் இவ்வளவு முடியும் என்று ஒப்புக்கொள்வதைவிட, விபூதி காசானது என்று நம்புவது ஊருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

பெயரிலும் அதுவே நடந்தது. கிருஷ்ணதேவராயர் அரசராகவே இருக்கிறார். செவ்வப்பர் நாயக்கராகவே இருக்கிறார். அம்மணி அம்மாள் மட்டும் அம்மன் ஆகிவிட்டாள். கும்பிடுவது மரியாதைதான். ஆனால் தெய்வம் கோபுரம் கட்டினால் அதில் வியக்க ஒன்றுமில்லை. அரசும் படையும் கணவனும் இல்லாத ஒருத்தி கட்டினாள் என்றால் அது வரலாறு. பெண்ணைத் தெய்வமாக்கும்போது அவளுடைய கணக்குப் புத்தகம் காணாமல் போகிறது.

கோயில் மரபு என்றால் மன்னர் வரிசை என்று படித்து வளர்ந்த மாணவிகள் ஒருமுறை வடக்கு வாசல் வழியாக உள்ளே போக வேண்டும். கிரிவலப் பாதையில் ஈசானிய லிங்கத்துக்கு எதிரே அவளுடைய சமாதி இருக்கிறது. அங்கே நின்று, அம்மன் என்று சொல்வதற்கு முன் அம்மணி அம்மாள் என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.