ஹெரிபோர்டு மாடுகளில் குள்ளக் குறைபாடு

1940களில் அமெரிக்கக் கால்நடைக் கண்காட்சிகளில் குட்டையான, திரண்ட உடலுடைய ஹெரிபோர்டு மாடுகளே பரிசு பெற்றன. அப்போது அவ்வினத்தில் நெற்றி புடைத்து, மூச்சிரைக்கும் குள்ளக் கன்றுகள் பெருகின. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறைபாட்டு மரபணு வந்தால்தான் கன்று குள்ளமாகும். ஒன்றை மட்டும் சுமந்த காளைக்கு நோயில்லை. சில காளைகள் சற்றுக் கூடுதலாகத் திரண்டிருந்தன. நடுவர்களுக்கு அதுவே அழகு! பரிசே குறைபாட்டைப் பரப்பியது எனலாம். விலை விழுமென்று அஞ்சிக் கன்றுகளை மறைத்த வளர்ப்போரும் உண்டு.

டி.என்.ஏ. சோதனை இல்லாத காலம் அது. குள்ளக் கன்று ஈன்ற பசுக்களோடு காளையைச் சேர்த்துப் பார்ப்பதே நம்பகமான வழி. காளையும் மரபணுவைச் சுமந்தால், சராசரியாக நான்கில் ஒரு கன்று குள்ளமாகப் பிறக்கும். ஒவ்வொரு கன்றுக்கும் ஒன்பது மாதக் காத்திருப்பு. அதற்குப் பொறுக்காத பலர் ஐயத்துக்குரிய வம்சாவளிகளையே கழித்தனர். குறையற்ற மாடுகளும் அவற்றோடு போயின.