மெய்நிகர் இயந்திர நிறுத்தம் (லினக்ஸ்)

லினக்ஸில் இயங்கும் ஒரு கணினியை அணைக்கும்போதோ மறுதொடக்கம் செய்யும்போதோ, அதன்மேல் ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரங்களுக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்து, அவற்றின் இயங்குதளங்கள் தாமாகவே மூடிக்கொள்ளும் வரை காத்திருக்கும் நடைமுறை மெய்நிகர் இயந்திர நிறுத்தம் ஆகும். தாங்கும் கணினியை ஹோஸ்ட் என்றும், உள்ளே ஓடும் இயந்திரத்தை கெஸ்ட் என்றும் துறையினர் வழங்குவர். கெஸ்டினுள் இருக்கும் இயங்குதளத்துக்குத் தன்னிடம் ஒரு முழுக் கணினி இருப்பதாக நினைப்பு. ஹோஸ்டுக்கோ அது உலாவி, இசைப்பான் போன்ற இன்னொரு நிரல். சிக்கல் அங்கேதான் பிறக்கிறது. ஹோஸ்ட் அணையும்போது எல்லா நிரல்களுக்கும் போகும் ‘முடித்துக்கொள்’ சமிக்ஞை கியூஇமு போன்ற மெய்நிகராக்க நிரலுக்கும் போனால், அது கீழ்ப்படிந்து அந்தக் கணமே முடிந்துவிடும். உள்ளே இருக்கும் கெஸ்டுக்கு அது ப்ளக்கைப் பிடுங்கியதற்குச் சமம்.

அப்படிப் பிடுங்கப்படும்போது போவது வட்டில் எழுதி முடித்தவை அல்ல. கெஸ்ட் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பிறகு எழுதலாம் என்று விட்டிருந்தவையே போகின்றன. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், என்டிஎஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகள் குறிப்பேடு வைத்திருப்பதால் அவற்றின் கட்டமைப்பு பெரும்பாலும் தப்பிவிடும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல், மரியாடிபி போன்ற தரவுத்தளங்கள் தம் பதிவேட்டைப் படித்து மீண்டெழும். அந்த ஏற்பாடு இல்லாத பயன்பாடுகள் பாதி எழுதிய கோப்போடு நின்றுவிடும். பழைய கணக்கு மென்பொருள்கள் பலவும் இந்த வகை.

தொடக்க வரலாறு

மெய்நிகர் இயந்திரங்கள் லினக்ஸைவிட மூத்தவை. ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையம் 1960களின் நடுவில் உருவாக்கிய சிபி-40, அதன் வழிவந்த சிபி-67 ஆகியவற்றில் ஒவ்வொரு பயனருக்கும் தனியாக ஒரு கணினி இருப்பது போன்ற தோற்றம் தரப்பட்டது. சிபி-67 ஓடியது சிஸ்டம்/360 மாடல் 67 என்னும் பெருங்கணினியில். 1972 ஆகஸ்ட் 2 அன்று ஐபிஎம் இதையே விஎம்/370 என்ற வணிகப் பொருளாக அறிவித்தது.

அந்தக் காலத்தில் முறையான நிறுத்தம் என்பது மனிதர் மனிதருக்குச் சொல்லும் செய்தி. இயந்திர அறையில் இருக்கும் இயக்குநர் எல்லா முனையங்களுக்கும் ஓர் எச்சரிக்கை வரி அனுப்புவார். பயனர்கள் வேலையைச் சேமித்துவிட்டு வெளியேறுவார்கள். பிறகு இயக்குநர் நிறுத்தக் கட்டளையைத் தட்டுவார். வெளியேறாதவர் வேலை போனது போனதுதான். கெஸ்டுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் நிரல் எதுவும் கிடையாது. அதற்குத் தேவையும் பெரிதாக உணரப்படவில்லை, ஏனெனில் பெரும்பாலான கெஸ்ட்களின் முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். ஆளில்லாமல் இரவும் பகலும் ஓடும் சேவையகங்கள் கெஸ்ட்களாக மாறியபோதுதான் இது தனிப் பிரச்சினையாக உருவெடுத்தது.

சிபி-67இன் பெருமை நிறுத்தத்தில் இல்லை, மீண்டெழும் வேகத்தில் இருந்தது. எம்ஐடியில் அதைப் பராமரித்த டாம் வான் வ்லெக் பதிவுசெய்துள்ள நிகழ்ச்சி ஒன்று கணினி வரலாற்றாளரிடையே பிரபலம். முனைய வரியின் நீளம் தொடர்பாக அவர் செய்த சிறு மாற்றத்தால் சிபி-67 ஒரே நாளில் 27 முறை விழுந்து 27 முறையும் தானே எழுந்து நின்றது. அதே காலத்து மல்டிக்ஸ் இயங்குதளம் விழுந்திருந்தால் கோப்பு முறைமையைச் சரிபார்த்து எழுவதற்கே நெடுநேரம் ஆகியிருக்கும். 27 முறை விழ அதற்கு நாள் போதாது. சட்டென்று விழுந்தாலும் பரவாயில்லை, சட்டென்று எழட்டும் என்ற இந்த மனப்போக்கு இன்றும் மேகக் கணிமைப் பொறியாளர் சிலரிடம் உண்டு. எழுந்து நிற்பது இயந்திரம்தான், இழந்த வேலை அன்று என்பதை அவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

1999 டிசம்பரில் ஐபிஎம் தன் பெருங்கணினிகளுக்கான லினக்ஸ் ஒட்டுகளை வெளியிட்டது. ஒரே பெருங்கணினியில் ஏராளமான லினக்ஸ் கெஸ்ட்கள் ஓடத் தொடங்கின, எதன் முன்னாலும் ஆள் இல்லை. 2000களின் தொடக்கத்தில், விஎம்/370இன் வழிவந்த ஸெட்/விஎம் இயங்குதளத்தில் நிறுத்த சமிக்ஞை சேர்க்கப்பட்டது இதன் விளைவு. ஹோஸ்ட் அதை அனுப்பும். கெஸ்ட் லினக்ஸ் அதை விசைப்பலகையில் கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் அழுத்தியது போல ஏற்று மூடிக்கொள்ளும். ஹோஸ்ட் குறிப்பிட்ட வினாடிகள் வரை காத்திருக்கும். செய்தி, காத்திருப்பு, கெடு ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்த வடிவம் இதுவே. பின்னால் வந்த முறைகள் பலவற்றிலும் இந்த மூன்றையும் காணலாம்.

சாதாரணக் கணினிகளின் பக்கம் வேறொரு கதை. 1992இல் இன்டெல்லும் மைக்ரோசாஃப்ட்டும் வெளியிட்ட ஏபிஎம் தரம் மடிக்கணினிகளின் மின்கலத்தை மனத்தில் வைத்து எழுந்தது. 1996 டிசம்பரில் தோஷிபாவும் சேர, ஏசிபிஐ வந்தது. அதில் மின்பொத்தான் மின்சாரத்தை வெட்டும் கருவியாக இல்லாமல், இயங்குதளத்துக்குச் செய்தி சொல்லும் கருவியாக மாறியது. மெய்நிகராக்கத்துக்காக யாரும் இதைச் செய்யவில்லை. ஆனாலும் கெஸ்டினுள் தனி மென்பொருள் எதையும் நிறுவாமலே அதை மூடச் செய்யும் வழி இதனால் கிடைத்தது.

விஎம்வேர் 1999இல் தன் முதல் பொருளை வெளியிட்டது. கெஸ்டுக்குள் நிறுவும் தன் துணைக்கருவிகள் வழியாக நிறுத்தச் செய்தியை அனுப்பியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2003இல் ஆய்வுக் கட்டுரையாக அறிமுகமான சென், ஹோஸ்டும் கெஸ்டும் சேர்ந்து படிக்கும் ஒரு சிறு தரவுக் கிடங்கில் ‘அணை’ என்று எழுதிவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஃபாப்ரிஸ் பெல்லார் 2003இல் வெளியிட்ட கியூஇமு ஏசிபிஐ பொத்தானை நடித்துக் காட்டியது. கும்ரனெட் நிறுவனத்தில் அவி கிவிட்டி எழுதிய கேவிஎம், 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20 கருவில் சேர்ந்தது. இவற்றையெல்லாம் ஒரே கட்டளைத் தொகுப்பால் ஆளும் லிப்விர்ட் நூலகத்தை 2005இல் டானியல் வெய்யார் தொடங்கியிருந்தார். ஹோஸ்ட் அணையும்போது கெஸ்ட்களைக் கவனிக்கும் லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் என்ற ஸ்கிரிப்ட் 2010இல் அதனுடன் சேர்ந்தது.

செய்தி சேரும் வழிகள்

இன்று லினக்ஸ் ஹோஸ்டிலிருந்து கெஸ்டுக்கு நிறுத்தச் செய்தி போக வழக்கத்தில் உள்ள வழிகள் இரண்டு: ஏசிபிஐ பொத்தான், கெஸ்ட் ஏஜென்ட். சென் பாணிக் கிடங்கு, கன்டெய்னர்களுக்கான நேரடி சமிக்ஞை ஆகியவையும் உண்டு. அவை அந்தந்தச் சூழலோடு நின்றுவிடுகின்றன.

லிப்விர்ட்டின் விர்ஷ் ஷட்டவுன் கட்டளை, கெஸ்ட் ஏஜென்ட் இல்லாதபோது ஏசிபிஐ பொத்தானை அழுத்துகிறது. கெஸ்ட் லினக்ஸாக இருந்தால் முன்பு ஏசிபிஐடி என்னும் பின்னணி நிரலும் இப்போது சிஸ்டம்டி-லாகின்டியும் அதைக் கேட்டு மூடத் தொடங்கும். பொத்தானை அழுத்தியதும் கட்டளை திரும்பி வந்துவிடுகிறது. கெஸ்ட் மூடியதா என்று பார்ப்பதில்லை. துவக்க நிலையில் சிக்கி நிற்கும் கெஸ்ட் அதைக் கேட்காது. வரைகலைத் திரையோடு ஓடும் கெஸ்ட், ‘அணைக்கட்டுமா?’ என்று யாரும் பார்க்காத திரையில் கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம். விண்டோஸில், யாரும் உள்நுழையாதபோதும் அணைக்கலாம் என்ற கொள்கை அமைப்பைப் பொறுத்துப் பொத்தான் பலன் தரும் அல்லது தராது.

கெஸ்ட் ஏஜென்ட் என்பது கெஸ்டினுள் நிறுவப்படும் சிறு சேவை. வர்ட்டியோ தொடர் வழியில் ஹோஸ்டுடன் பேசும் இது, நிறுத்தக் கட்டளையைத் தானே உள்ளே இயக்குகிறது. பொத்தானைவிட நம்பகமானது, நிறுவ மறந்திருந்தால் பயனில்லை. விர்ஷ் டெஸ்ட்ராய் கட்டளை நிறுத்தத்தில் சேராது. பெயர் பயமுறுத்தினாலும் அது வட்டை அழிப்பதில்லை, மின்சாரத்தை மட்டும் வெட்டுகிறது.

வரிசையும் கெடுவும்

பழைய சிஸ்வி முறையில் அணைப்பு நிலைக்குரிய ஸ்கிரிப்ட்கள் எண் வரிசைப்படி ஓடின. கடைசியில் மிச்சமிருக்கும் நிரல்களுக்கெல்லாம் முடிவுச் சமிக்ஞையும், சில வினாடிகளில் கொலைச் சமிக்ஞையும் போயின. கெஸ்ட்களைக் கவனிக்கும் ஸ்கிரிப்ட் அதற்கு முன் ஓடி முடிய வேண்டும். 2010இல் வந்த சிஸ்டம்டி தொடங்கிய வரிசையின் தலைகீழ் வரிசையில் சேவைகளை நிறுத்துகிறது. ஆகவே கெஸ்ட்களை நிறுத்தும் சேவை, பிணையத்துக்கும் சேமிப்பகத்துக்கும் பிறகு தொடங்கியதாக அறிவிக்கப்பட வேண்டும். அப்போதுதான் அவற்றுக்கு முன்பே அது நிறுத்தப்படும். கெஸ்டின் வட்டு என்எஃப்எஸ்ஸிலோ ஐஸ்கஸியிலோ இருக்க, பிணையம் முதலில் போய்விட்டால் கெஸ்ட் மூடவும் முடியாமல் ஓடவும் முடியாமல் தொங்கும். முத்துக்குளிப்புத் தோணியில் கீழே போனவர் மேலே ஏறும் வரை கயிற்றைப் பிடித்திருப்பவர் கையை விடுவதில்லை. இங்கே சேமிப்பகமும் பிணையமும் அந்தக் கயிறு.

இதில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் சேவையின் முக்கிய வேலை அணையும்போதுதான் நடக்கிறது. ஆனால் தொடங்கப்படாத சேவையை சிஸ்டம்டி நிறுத்தாது. சில லினக்ஸ் விநியோகங்களில் இது இயல்பாக இயக்கப்பட்டிருப்பதில்லை. அமைப்புக் கோப்பை அழகாக நிரப்பிவிட்டுச் சேவையைத் தொடங்காமல் விட்டால், ஒரு வரிகூட நடைமுறைக்கு வராது. பயனர் தன் கணக்கில் தனியாக ஓட்டும் கெஸ்ட்களும், எடுத்துக்காட்டாக க்னோம் பாக்ஸஸில் ஓடுபவை, இயல்பான அமைப்பில் இதன் கண்ணில் படுவதில்லை.

அமைப்புக் கோப்பு ரெட் ஹாட் குடும்பத்தில் சிஸ்கான்ஃபிக் அடைவிலும் டெபியன் குடும்பத்தில் டிஃபால்ட் அடைவிலும் இருக்கிறது. மூல நிரலில் கெடு 300 வினாடி. இணை நிறுத்த எண்ணிக்கை பூஜ்யம், அதாவது கெஸ்ட்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஒவ்வொன்றாக நிறுத்தினால் கெடு ஒவ்வொரு கெஸ்டுக்கும் தனி. ஆறு கெஸ்ட்கள் முரண்டு பிடித்தால் 6 × 300 = 1,800 வினாடி, அரை மணி நேரம். இணையாக நிறுத்தினால் கெடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றே. தரவுத்தள கெஸ்ட் கடைசியாகப் போக வேண்டும் என்ற தேவை இருந்தால் இணை நிறுத்தம் அதைக் கெடுத்துவிடும். புராக்ஸ்மாக்ஸ் மெய்நிகராக்கத் தளம் இதற்காக கெஸ்ட்களுக்கு வரிசை எண் தந்து, அணையும்போது அதைத் திருப்பிப் பின்பற்றுகிறது. அதன் இயல்புக் கெடு 180 வினாடி. சிஸ்டம்டி தானாக ஒரு சேவைக்குத் தரும் அவகாசம் 90 வினாடி; ஃபெடோரா தன் 38ஆம் பதிப்பில் அதை 45 ஆகக் குறைத்தது. லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் இந்த வரம்பிலிருந்து விலக்குப் பெற்றே வருகிறது. கையால் எழுதிய மாற்றுச் சேவைகள் அந்த விலக்கைக் கேட்க மறந்து, பாதியில் வெட்டப்படுகின்றன.

நிறுத்துவதற்குப் பதிலாக கெஸ்டின் நினைவகத்தை அப்படியே வட்டில் எழுதி உறங்கவைப்பதும் உண்டு. லிப்விர்ட்-கெஸ்ட்ஸின் மூல இயல்பு அதுதான். 64 ஜிபி நினைவகத்தை வினாடிக்கு 200 எம்பி எழுதும் வட்டில் இறக்க ஐந்தரை நிமிடம் பிடிக்கும். எழும்போது கடிகாரம் பின்தங்கியிருக்கும், பிணைய இணைப்புகள் அறுந்திருக்கும். ஹோஸ்டின் வன்பொருளை நேரடியாகப் பற்றியிருக்கும் கெஸ்ட்களைப் பெரும்பாலும் இப்படி உறங்கவைக்க முடியாது. சேவையகங்களுக்கு நிறுத்தமே உரியது. உறக்கம் மேசைக் கணினிகளுக்கானது.

மின்தடையும் யுபிஎஸ்ஸும்

தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த 2006–2007 காலத்தில் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் 2007இல் வந்தது. அதையடுத்த ஆண்டுகள் மின்வெட்டுக் காலம்: 2012இல் சென்னையில் அறிவிக்கப்பட்டது இரண்டு மணி நேரம், மாவட்டங்களில் நடைமுறையில் பத்து மணி நேரத்துக்கும் மேல். 2023 டிசம்பர் 17–18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டித் தூத்துக்குடி மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியபோது, பல பகுதிகளில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. கீழவைப்பார், வேம்பார் போன்ற கரையோர ஊர்களுக்கு வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருவது. இத்தகைய இடங்களில் ஹோஸ்டை அணைப்பது பெரும்பாலும் மனிதர் அல்லர், தீர்ந்துகொண்டிருக்கும் யுபிஎஸ் மின்கலம்.

யுபிஎஸ்ஸைக் கண்காணித்து ஹோஸ்டை அணைக்க லினக்ஸில் நட், ஏபிசி-யுபிஎஸ்டி ஆகிய கருவிகள் உள்ளன. நட்டின் கண்காணிப்பு நிரல், யுபிஎஸ் மின்கலத்தில் ஓடுகிறது, மின்கலமும் தாழ்ந்துவிட்டது என்ற இரண்டும் சேர்ந்தால்தான் கட்டாய அணைப்பைத் தொடங்கும். சிறு மின்தடைக்கெல்லாம் அணையாதிருக்க இது உதவும். கெஸ்ட்கள் நிறைந்த ஹோஸ்டுக்கு இதுவே ஆபத்து. மின்கலம் தாழ்ந்தபின் இரண்டு நிமிடம்தான் தாங்கும், கெஸ்ட்கள் மூட ஐந்து நிமிடம் வேண்டும் என்றால், எவ்வளவு ஒழுங்கான அமைப்பும் நடுவழியில் இருண்டுபோகும். தாழ்நிலைக்குக் காத்திராமல், மின்தடை தொடங்கிச் சில நிமிடங்களில் நேரக்கணக்கில் அணைப்பைத் தொடங்கும் துணை அமைப்பும் நட்டில் உண்டு. கெஸ்ட்களின் மொத்தக் கெடு, ஹோஸ்ட் மூடும் நேரம் இரண்டும் சேர்ந்து யுபிஎஸ்ஸின் எஞ்சிய நேரத்துக்குள் அடங்க வேண்டும். இந்தக் கூட்டலில் பழைய மின்கலத்தைப் புதியதாக எண்ணுவதே வழக்கமான பிழை. கடலோர வெப்பத்தில் ஈய-அமில மின்கலம் அட்டையில் போட்ட ஆயுளை எட்டுவது அரிது. மின்கலத்தை முழுச் சுமையில் ஒருமுறை ஓடவிட்டு நேரம் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஹோஸ்ட் பாதி அணைந்திருக்கும்போது மின்சாரம் திரும்பினால், அது முழுதும் அணைந்தபின் எழுப்ப எதுவும் இராது. யுபிஎஸ் இன்னும் மின்சாரம் தந்துகொண்டிருப்பதால் ‘மின்சாரம் வந்தது’ என்ற மாற்றத்தைக் கணினி உணராது. அதனால் நட், கடைசி நொடியில் யுபிஎஸ்ஸையே சற்று வெட்டிவிட்டு மீண்டும் இயக்கச் சொல்கிறது. பயோஸில் மின்சாரம் வந்ததும் எழும்படியும், கெஸ்ட்களைத் தானாகத் தொடங்கும்படியும் அமைத்திருந்தால் ஆளில்லாமலே எல்லாம் எழும்.

தற்போதைய நிலை

2025இல் வெளிவந்த லிப்விர்ட் பதிப்புகளில், தனி ஸ்கிரிப்ட் இல்லாமல் கியூஇமு பின்னணி நிரலே ஹோஸ்ட் அணைவதை உணர்ந்து கெஸ்ட்களை உறங்கவைக்கவோ நிறுத்தவோ வெட்டவோ செய்யும் வசதி சேர்ந்துள்ளது. விர்ச்சுவல்பாக்ஸ் தனக்கெனத் தனி அமைப்புக் கோப்பைப் பின்பற்றுகிறது.